ஜூரோங்கிலிருந்து தேக்காவுக்கு

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 137 கிலோமீட்டரில், வருடம் பூராவும் வியர்த்துக்கொண்டிருக்கும் தீவு சிங்கப்பூர். அந்தத் தீவின் மேற்கே, ஜூரோங் ஈஸ்ட்டில், சயன்ஸ் சென்டரை ஒட்டி ஒரு பனிச் சறுக்குமிடம் இருக்கிறது. ஸ்னோ சிட்டி என்று பெயர். 2000ஆம் ஆண்டு திறந்தது. உள்ளே மைனஸ் 5 டிகிரி. நாங்கள் போன அன்று வெளியே 32. தடித்த மேலங்கியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு மூன்று மாடி உயரம் ஏறி, ரப்பர் டியூபில் உட்கார வேண்டும். பின்னாலிருந்து ஒரு தள்ளு. 60 மீட்டர் சரிவு கத்தி முடிப்பதற்குள் முடிந்துபோகிறது. அக்காவின் பிள்ளைகள் இறங்கிய வேகத்திலேயே மறுபடி ஏறப் போனார்கள். நான் சுவரோரம் நின்று என் மூச்சு புகையாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டைக்காரனுக்கு மார்கழி விடியலில்கூட அந்தக் காட்சி வாய்க்காது.

வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் தூங்குமூஞ்சி மரங்களும் வெயிலும் அப்படியே இருந்தன.

பனிச்சறுக்கு ஊர்களுக்கும் ரயிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஜப்பானில் காலா யுசாவா என்றொரு ரயில் நிலையம் 1990இல் திறக்கப்பட்டது. தோக்கியோவில் ஷின்கான்சென் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் சறுக்குமிடத்தின் வாசலிலேயே இறக்கிவிடும். ஆஸ்திரிய மலை ஊர்களில் தங்கியிருப்பவர்கள், பனி சரியில்லாத நாளில் ரயிலேறி இன்ஸ்புருக் நகரத்துக்கு இறங்கி, கடைத்தெருவும் அருங்காட்சியகமும் பார்த்துவிட்டு இரவே மலைக்குத் திரும்புவார்கள். ஜூரோங்கின் பனிக்கூடத்திலிருந்தும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடைதான். அங்கிருந்து நகரத்துக்கு அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். பிள்ளைகளை அக்காவிடம் விட்டுவிட்டு, பொழுது சாயும்வரை லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் சுற்றிவரக் கிளம்பினேன்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. தேக்கால கால் வைக்க எடம் இருக்காது. நாளைக்குப் போயேன்” என்றாள் அக்கா. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது யாராவது ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். விடுப்பில் வரும்போது அவர்கள் வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தேக்காவைப் பற்றிப் பேசுவார்கள். யாரை அங்கே பார்த்தோம், எந்தக் கடையில் சாப்பிட்டோம், எந்தப் புல்வெளியில் உட்கார்ந்தோம் என்று. சிங்கப்பூர் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே அந்தப் பேச்சுதான்.

ஜூரோங் ஈஸ்ட் நிலையம் 1988 நவம்பரில் திறந்தது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பெரிய நிலையம், இரண்டு பாதைகள் சந்திக்கும் இடம். ஞாயிறு காலை பத்து மணி தாண்டி அங்கே நின்றால் எதிரெதிராக இரண்டு கூட்டம் போவது தெரியும். நகரப் பக்கமிருந்து வரும் ரயிலில் குடும்பங்கள் இறங்குகின்றன; கையில் சுவெட்டர், தள்ளுவண்டியில் குழந்தை. சயன்ஸ் சென்டருக்கும் பனிக்கும் ஏரிப் பூங்காவுக்கும் வருகிறவர்கள். மேற்கிலிருந்து, பூன் லே, ஜூ கூன், துவாஸ் பக்கமிருந்து வரும் ரயில்களிலும் கீழே நிற்கும் பேருந்துகளிலும் இன்னொரு கூட்டம். எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பதுக்குள். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, முதுகில் காலிப் பை. பை காலியாக இருப்பதன் காரணம் சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது.

இந்த இரண்டாம் கூட்டத்தைப் புரிந்துகொள்ள ஜூரோங் எப்படி உருவானது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். 1960களின் தொடக்கம்வரை இது சதுப்பு நிலம். அலையாத்திக் காடும் இறால் குளங்களும். நிதியமைச்சராக இருந்த கோ கெங் சுவீ இங்கே தொழிற்பேட்டை கட்டியே தீருவது என்று நின்றார். மேட்டைச் சரித்துச் சதுப்பை நிரப்பினார்கள். 1962 செப்டம்பரில் தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு அடிக்கல் நாட்டியபோது, முதலாளிகள் வருவார்களா என்பதே சந்தேகமாக இருந்தது. இது கோவின் மடத்தனம் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். பிறகு கப்பல் பட்டறை வந்தது, துறைமுகம் வந்தது. 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. கடலில் இருந்த ஏழு தீவுகளை மண்கொட்டி இணைத்து ஜூரோங் தீவு என்று ஒன்றாக்கி எண்ணெய், ரசாயன ஆலைகளைக் குவித்தார்கள். அந்த ஆலைகளையும் அவற்றுக்குப் போகும் சாலைகளையும் கட்டிய கைகளில், கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாகவாவது, தமிழ்நாட்டுக் கைகள் மிகுதி. அவர்கள் தங்கும் விடுதிகளும் இதே மேற்கில்தான்: பெஞ்சூரு, ஜாலான் பாப்பான், துவாஸ். பணக்கார நாட்டின் பின்கட்டு இது. விருந்தினர் பின்கட்டுக்கு வருவதில்லை, பனி பார்க்க வருவதைத் தவிர.

நடைமேடையில் நின்று அக்காவிடம் போனில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பையன் நான் முடிக்கும்வரை காத்திருந்து, “சார், புதுக்கோட்டைப் பக்கமா?” என்றான். பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டான். அவனுக்கு அறந்தாங்கி அருகே ஒரு கிராமம். கம்பி கட்டும் வேலை. டெஸ்ட் அடித்து வந்து ஏழெட்டு வருடம் ஆகிறதாம். கட்டுமான வேலைக்கு வருகிறவர்கள் ஊரிலேயே பயிற்சி எடுத்து, கைவேலைத் தேர்வில் தேறித்தான் பர்மிட் வாங்க முடியும். அதற்கும் ஏஜென்ட்டுக்கும் சேர்த்து அவன் அப்பா வாங்கிய கடன் முதல் இரண்டு வருட உழைப்பைத் தின்றுவிட்டது. இதை அவன் புகாராகச் சொல்லவில்லை. கடன் அடைந்த மாதத்தை மட்டும் சரியாக ஞாபகம் வைத்திருந்தான். ரயில் வருவதற்குள் நான் சாரிலிருந்து அண்ணனாகிவிட்டேன்.

ரயிலில் இடம் இருந்தது. நான் உட்கார்ந்தேன். அவன் உட்காரவில்லை. கதவோரம் கம்பியைப் பிடித்து நின்றான். பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவனைப் போன்றவர்கள் பலரும் காலி இருக்கையை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னேன்.

“பரவால்லண்ணே. குளிச்சு முழுகிட்டுத்தான் வர்றோம். இருந்தாலும் நின்னே பழகிருச்சு.”

வேலைநாளில் இவர்கள் ரயில் ஏறுவதில்லை. விடுதியிலிருந்து வேலையிடத்துக்கு லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து போகிறார்கள். மேலே தார்ப்பாயோ தகரமோ இருக்கும். இருக்கை இருக்காது, பெல்ட் இருக்காது. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் நடந்த விபத்தில் அப்படிப் போன இருவர் இறந்தார்கள். இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று தொண்டு அமைப்புகள் கேட்டுவருகின்றன, நாடாளுமன்றத்திலும் பல முறை பேசியாகிவிட்டது. சிறு நிறுவனங்களுக்குச் செலவு தாங்காது என்பது பதில். ஆளுக்கு ஓர் இருக்கையின் செலவைத் தாங்க முடியாத தொழில் எதுவாக இருந்தாலும் அதன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆறு நாள் தட்டில் உட்கார்ந்து முதுகுப்பக்கமாக நகரத்தைக் கடக்கிறவன், ஏழாம் நாள் இரண்டு வெள்ளியை ஒட்டிய கட்டணத்தில் அதே நகரத்தை முகம் கொடுத்துப் பார்த்துக்கொண்டு போகிறான். நின்றுகொண்டு போனாலும்.

ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து ரெட்ஹில் தாண்டும்வரை பாதை மேலேயே போகிறது. கிளமெண்டி, டோவர், புவன விஸ்தா. அடுக்குமாடிகளின் ஐந்தாம் ஆறாம் மாடிச் சன்னல்களும் மூங்கிலில் காயும் துணியும் கண்ணுக்கு நேரே வரும். புவன விஸ்தா அருகே கீழே ஒரு பச்சை ஒழுங்கை குறுக்கே ஓடுகிறது. அது மலாயா ரயிலின் பழைய தடம். தஞ்சோங் பகாரிலிருந்து மலேசியாவுக்குப் போன ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி இரவோடு நின்றது. ஜோகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிப்போனார். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு 24 கிலோமீட்டர் நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். ஜூரோங்குக்கும் இதிலிருந்து ஒரு கிளை பிரிந்தது. 1960களின் நடுவில் ஆலைகளுக்காகப் போட்ட சரக்குப் பாதை. 1990களில் ஓட்டம் நின்றது. பிறகு கோலாலம்பூரிலிருந்து தொண்ணூறு நிமிடத்தில் ஜூரோங் ஈஸ்ட்டுக்கு வரும் அதிவேக ரயில் என்று 2016 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். முனையம் கட்ட ஒரு கோல்ஃப் மைதானத்தையே கையகப்படுத்தினார்கள். 2020 கடைசியில் அந்த ஒப்பந்தம் காலாவதியானது.

புவன விஸ்தா தாண்டியதும் காமன்வெல்த் நிலையம். அதன் பக்கத்தில் தங்ளின் ஹால்ட் என்று ஒரு குடியிருப்பு. பழைய ரயில் நின்று போன இடம் என்பதால் அந்தப் பெயர். அங்கே ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. 1932இல் குவீன்ஸ்வே ரயில் பாதையோரம் கொட்டகையாகத் தொடங்கிய முனியாண்டி கோயில் அது. கும்பிட்டவர்கள் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே காவல் தெய்வத்தையும் நிறுத்தியிருக்கிறார்கள். எந்த ஊருக்குக் கூலியாகப் போனாலும் எல்லையில் முனியை வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பது நம் ஆட்களின் முறை. தண்டவாளம் போய்விட்டது. கோயில் இடம் மாறி, 1998இல் புதுக் கட்டடத்தில் குடமுழுக்குக் கண்டு, இன்று பெரிய கோயிலாக நிற்கிறது. அறந்தாங்கிப் பையன் அந்தத் திசையில் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். எல்லா ஞாயிறும் அவன் அப்படிச் செய்வான் போல, பேச்சு நிற்கவேயில்லை.

ரெட்ஹில்லுக்குப் பிறகு ரயில் பூமிக்குள் இறங்குகிறது. ஊட்ரம் பார்க்கில் மாறி வடக்குக் கிழக்குப் பாதை. 2003 ஜூனில் திறந்த அந்தப் பாதையில் ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை. சைனாடவுன், கிளார்க் கீ, டோபி காட், அடுத்தது லிட்டில் இந்தியா. கதவு திறந்ததும் எங்கள் பெட்டியில் பாதி காலியானது. மின்படியில் மேலே போகப்போக முதலில் மல்லிகை வாசம், அப்புறம் ஊதுவத்தி, அப்புறம் கருவாடு.

தேக்காவைச் சுற்றுலாக் கையேடுகள் வண்ணக் கட்டடங்களின் பட்டியலாகக் காட்டும். கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டிய தான் டெங் நியா வீட்டின் முன் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லும். அந்த வீடு அழகானதுதான். ஆனால் இந்த இடத்தின் அழகு இங்கே நடக்கும் வேலைகளில் இருக்கிறது, பழைய காலத்திலிருந்தே. இது மாட்டுக்காரர்களின் இடம். தண்ணீரும் புல்லும் இருந்ததால் தொழுவங்கள் வந்தன. பஃபலோ ரோடு பெயரிலேயே எருமையை வைத்திருக்கிறது. குதிரைப் பந்தயத் திடல் 1842 முதல் 1933வரை இங்கே இருந்தது. செங்கல் சூளையும் சுண்ணாம்புச் சூளையும் இருந்தன. அவற்றில் வேலை செய்தவர்கள் கும்பிட்ட காளிதான் இன்று சிராங்கூன் சாலையில் கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ வீரமாகாளியம்மன். பெரியவர்கள் அதைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே சொன்னார்கள். சிங்கப்பூரின் கட்டடங்களுக்கு ஊற்றிய சுண்ணாம்பு இங்கே வெந்தது. சுட்டவர்களும் கப்பலில் வந்த கூலிகள்தான். ஆக, கட்டுமானத் தொழிலாளி இந்தத் தெருவுக்கு விருந்தாளி இல்லை. நூற்றைம்பது வருடமாக இது அவன் தெரு.

நானும் அறந்தாங்கிப் பையனும் முதலில் தேக்கா சந்தைக்குப் போனோம். இப்போதைய கட்டடம் 1982இல் வந்தது. ஈரத் தரை, ஆட்டுக்கறி தொங்கும் கொக்கிகள், சீனக் கடைக்காரர் தமிழில் விலை சொல்வது, தமிழ் அம்மா மலாயில் பேரம் பேசுவது. வெளியே பஃபலோ ரோட்டில் முருங்கைக்காய், வாழைப்பூ, சின்ன வெங்காயம், கட்டுக்கட்டாய்க் கறிவேப்பிலை. பையன் எதையும் வாங்கவில்லை. விலை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டான். “இப்பவே வாங்குனா தூக்கிக்கிட்டே அலையணும். போறப்பதான்.” விடுதியில் பெரும்பாலானவர்களுக்குக் கேட்டரிங் சாப்பாடு. விடிவதற்கு முன்பே மத்தியானச் சோறும் பொட்டலமாக வந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு வெயிலில் திறக்கும்போது குழம்பு சில நாள் நுரைத்திருக்கும். அவன் அறையில் நாலைந்து பேர் சேர்ந்து விடுதியின் பொதுச் சமையலறையில் இரவு தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சமையலுக்குத்தான் காலிப் பை.

அப்புறம் பணம் அனுப்பும் கடை. வரிசை நடைபாதைவரை நீண்டிருந்தது. போனிலேயே அனுப்பலாமே என்று கேட்டேன். அனுப்பலாம், வழக்கமாக அப்படித்தான் அனுப்புகிறான். தங்கைக்கு வளைகாப்பு வருகிறது. இந்தத் தடவை பெரிய தொகை. ஒரு மனிதரிடம் எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கினால்தான் அவனுக்கு நிம்மதி. வெளியே வந்து ரசீதைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினான். அடுத்த நிமிடம் அம்மா அழைத்துவிட்டார். நான் இரண்டு கடை தள்ளிப் போய் நின்றேன்.

முடிவெட்டு. கோயில். சிராங்கூன் சாலையில் 1947லிருந்து இருக்கும் கோமள விலாஸில் மாடியில் சாப்பாடு. அவன் எப்போதும் போவது வேறு சின்னக் கடை. நான்தான் வற்புறுத்தி அழைத்துப்போனேன், அண்ணன் என்ற உரிமையில். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். முஸ்தஃபா செண்டருக்குள் நுழைந்தால் திரும்பி வரும் வழி மறந்துபோகும். கூட்டம் நம்மை நகர்த்திக்கொண்டே போகிறது. அங்கே அவன் வாங்கியது கோடாலித் தைலம். 1928லிருந்து சிங்கப்பூரில் தயாராகும் அந்தப் பச்சைத் தைலம் எங்கள் மாவட்டத்தில் இல்லாத வீடு அபூர்வம். பயணம் வந்தவரின் பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்கப் பரவும் முதல் வாசனை அது. உள்ளூர் மருந்துக்கடையில் அதே தைலம் கிடைத்தாலும் யாரும் அதைச் சிங்கப்பூர்த் தைலம் என்று ஒப்புக்கொள்வதில்லை.

நாலரை மணிக்கு மேல் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துப் புல்வெளிக்குப் போனோம். அவன் ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் ஏற்கெனவே அங்கே. செய்தித்தாள் விரித்து, காலை நீட்டி, முறுக்குப் பொட்டலத்தை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். துவாஸில் கப்பல் பட்டறையில் ஒருவர், சாங்கியில் ஒருவர், உட்லண்ட்ஸில் இருவர்; தீவின் நாலு மூலை. ஊரில் ஒரே தெருக்காரர்கள். ஒரே நாட்டில் இருந்தும் இந்தப் புல்லைத் தவிர வேறெங்கும் அவர்கள் சேர முடியாது. கண்மாயில் தண்ணீர் எவ்வளவு, யார் வீட்டில் கூரை மாற்றி ஓடு போட்டார்கள், எந்தப் பெண்ணுக்கு எங்கே பேசுகிறார்கள் என்று பேச்சு. எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் அந்தப் பயணத்தில் பார்த்த சிங்கப்பூர்களில் இதுதான் என்னை நிறைத்தது.

பக்கத்து ஃபேரர் பார்க் திடலில் 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, சரணடைந்த பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேரை நிறுத்தி ஜப்பானியர் கையில் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கிருந்து தொடங்கியது. இந்த மண்ணில் நம் ஆட்கள் கூட்டமாக உட்காருவது புதிதில்லை.

நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும் தூரத்தில்தான், ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில், 2013 டிசம்பர் 8ஆம் தேதி ஞாயிறு இரவு அந்தச் சாவு நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், வயது 33. ஜூரோங் பக்கத்து விடுதிக்குத் திரும்பும் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கினார். அதாவது, இன்று நானும் இந்தப் பையனும் போய்வரும் அதே ஒருநாள் பயணத்தின் திரும்பும் வழி. பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். ஏறக்குறைய நானூறு பேர் வண்டிகளைக் கவிழ்த்தார்கள், எரித்தார்கள். நாற்பது ஆண்டுகளில் சிங்கப்பூர் பார்க்காத கலவரம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். விசாரணைக் குழு மதுவையும், உதவிக்கு வந்தவர்களைக் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதையும் காரணங்களாகச் சொன்னது. 2015இல் புதிய மதுச் சட்டம் வந்தது. ஆம்புலன்ஸ் வண்டியை எரிப்பதற்கு நியாயம் கிடையாது. அதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. அன்றிரவு கல்லை எடுக்காமல் வரிசையில் நின்று பேருந்து ஏறிப் போன ஆயிரக்கணக்கானோரைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் எழுதவில்லையே என்று இருக்கிறது.

அதற்குப் பிறகு, தொழிலாளர் நகரத்துக்கு வராமலே ஞாயிறைக் கழிக்க விடுதிகளுக்குப் பக்கத்திலுள்ள பொழுதுபோக்கு மையங்களை இன்னும் வலியுறுத்தினார்கள். பெஞ்சூருவில் அப்படி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டேன்.

“எல்லாம் இருக்குண்ணே. கடை இருக்கு, சலூன் இருக்கு, பணம் அனுப்புற எடம் இருக்கு. கிரிக்கெட்டும் ஆடலாம். ஆனா அங்க போனா சண்டே மாதிரி இருக்காது.”

உட்லண்ட்ஸ்காரர் ஒருவர் சொன்னார்: “கொரோனா நேரத்துல எல்லாம் உள்ளயே இருந்துச்சு. சோறு வந்துச்சு, சம்பளம் வந்துச்சு. சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னோம்.” 2020 ஏப்ரலில் விடுதிகளை மூடினார்கள். மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அந்த ஆண்டு முடிவில் அரசாங்கமே வெளியிட்ட கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருந்தது. அவர்களுக்குச் சிகிச்சை கிடைத்தது, இறப்பு மிகக் குறைவு. அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் நகரத்து மக்களுக்குக் கதவு திறந்த பிறகும் இவர்களுக்குத் திறக்கவில்லை. 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக வாரத்துக்கு ஐந்நூறு பேரைச் சில மணி நேரம் லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் அழைத்து வந்தார்கள். 2022 ஜூனிலிருந்து வேறு ஏற்பாடு. ஞாயிறும் பொது விடுமுறையும் நான்கு இடங்களுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு எண்பதாயிரம் பேர். அந்த நான்கு இடங்கள்: சைனாடவுன், கேலாங் சிராய், லிட்டில் இந்தியா, ஜூரோங் ஈஸ்ட்.

அன்று காலை நான் யாரையும் கேட்காமல் ஏறிய நிலையமும், யாரையும் கேட்காமல் இறங்கிய நிலையமும் அந்தப் பட்டியலில் இருந்தவை. இருவருக்கும் ஒரே அட்டை, ஒரே கட்டணம், ஒரே ரயில். இந்தப் பையன் அந்தக் காலத்தில் சீட்டுக்காகப் போனைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். கிடைத்த ஞாயிறில் மழை. “நனைஞ்சுகிட்டே உக்காந்திருந்தோம்ணே” என்று சொல்லிச் சிரித்தான். புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அந்த மழையை ஞாபகப்படுத்திச் சிரித்தார்கள்.

சோறு, கூலி, மருந்து, படுக்கை என்று கணக்கெழுதுகிறவர்கள் விட்டுவிடும் ஒரு வரி இருக்கிறது. கட்டித் தரும் நகரத்துக்குள் ஒருநாள் போய், எதற்கும் விடை சொல்லாமல் உட்கார்ந்து எழுந்து வருவது. அதைச் சலுகை என்று எழுதக் கூடாது. வேலை ஒப்பந்தத்தில் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

ஏழு மணிக்கு விளக்குகள் வந்தன. எல்லாரும் புல்லைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். செய்தித்தாளை மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். பஃபலோ ரோட்டில் காலையில் விலை கேட்ட கடைகளில் பையன் சரசரவென்று வாங்கினான்: தக்காளி, மிளகாய், ஒரு வாரத்துக் கறிவேப்பிலை, சேனைக்கிழங்கு, கருவாடு. பை நிரம்பி, கையிலும் இரண்டு தொங்கின. நிலையத்தில் வரிசை. திரும்பும் ரயிலில் நிஜமாகவே இடமில்லை. இரண்டு பேரும் நின்றோம். அவன் பையிலிருந்து மல்லித்தழை வாசம் பெட்டி முழுக்க வந்தது. எதிரே நின்ற சீன மூதாட்டி எட்டிப் பார்த்து, எவ்வளவு என்று ஜாடையில் கேட்டார். விரலில் காட்டினான். மலிவு என்பதுபோல் தலையாட்டினார்.

ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தை ஒட்டிப் புதுத் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஜூரோங் வட்டாரப் பாதை, 24 நிலையங்கள். அதில் ஒன்று பாண்டான் நீர்த்தேக்கத்தின் அருகே வருகிறது. பெஞ்சூரு விடுதிகளுக்கு அது பக்கம். அவனுக்கு நிலையங்களின் வரிசை மனப்பாடமாக இருந்தது. “அது ஓட ஆரம்பிச்சா இந்த பஸ்ஸுக்கு நிக்க வேணாம்ணே. அரை மணி நேரம் மிச்சம். தேக்கால இன்னும் அரை மணி நேரம் உக்காரலாம்.” அடுத்த ஞாயிறு அவனுக்கு ஓ.டி. இருக்கிறது, அதற்கடுத்த ஞாயிறு வருவான்.

நான் எப்போது ஊருக்குக் கிளம்புகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். பையைக் கீழே இறக்கி, கருவாட்டுக்கு அடியிலிருந்து முஸ்தஃபாவில் வாங்கிய தைலப் பொட்டலத்தை எடுத்தான். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு அவன் தம்பி வந்து வாங்கிக்கொள்வான், எனக்கு அலைச்சல் இருக்காது என்றான். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

“அப்ப அம்மாகிட்டயே குடுங்கண்ணே. முட்டிக்கு மட்டும் தடவச் சொல்லுங்க. கண்ணுப் பக்கம் கொண்டுபோக வேணாம்னு சொல்லுங்க, அது கேக்காது, ரெண்டு தடவ சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு பேருந்து வரிசையை நோக்கி ஓடினான்.